தூக்கிப் போடாத வண்டி

அந்த வீலைத் தொடாதீங்க தம்பி. மினுமினுன்னு இருக்குதேன்னு கை வெப்பீங்க, கை வெச்சா வாங்கச் சொல்லும். முன்னப் பின்னத் தெரியாத ஆளு இப்படிச் சொல்றானேன்னு கோவிச்சுக்காதீங்க. பழைய வண்டிக்கு எந்த வீலு போடலாம், எந்த ஷாக்கு நல்லதுன்னு நீங்க பாய்கிட்டக் கேட்டுட்டு இருந்தது காதுல உழுந்துச்சு. அதைக் கேக்கோணும்னா இந்தக் கோயமுத்தூர்லயே என்னைய உட்டா ஆளில்லீங்க. ரபீக் பாய் நல்ல மனுசன்தான், ஆனா கடைக்காரரு, விக்கறதைத்தான் சொல்லுவாரு. நான் போட்டுப் பாத்ததைச் சொல்றேன். உக்காருங்க. அந்த டயரு மேலயே உக்காரலாம், ஒண்ணும் ஆகாது.

அதோ, மேல தூக்கி நிறுத்தியிருக்கறாங்களே, அந்த வெள்ள சஃபாரி காரு என்றதுதான். என்ற பேரு நாச்சிமுத்துங்க. ஆனைமலைக்குத் தெக்கால தென்னந்தோப்பு. வண்டிய எடுத்து ஊருக்குள்ள கொண்டாந்தப்ப எம் பொண்ணு பத்தாவது படிச்சுட்டு இருந்தா. இப்ப அவ புள்ளயே பள்ளிக்கூடம் போகுது. அத்தன வருசமும் ஸ்டியரிங்க இன்னொருத்தன் தொட்டதில்லீங்க. டிரைவர் வெச்சுக்க வசதியில்லாம இல்ல. என்ற வண்டிய எவனோ ஓட்ட, நான் பக்கத்துல கையக் கட்டிட்டு உக்காந்து வர்றதா? அது நமக்கு ஆகாது. மாப்பிள்ள திருப்பூர்ல பனியன் கம்பெனி வெச்சிருக்கறாரு, அவரே ஒருக்கா சாவியக் கேட்டாரு. கடை வரைக்கும்தான் மாமான்னாரு. என்ன வேணும்னு கேட்டு நானே போய் வாங்கியாந்து குடுத்துட்டேன்.

சரி, உங்க விசயத்துக்கு வர்றேன். உங்க வண்டில பின் சீட்டுல ஆரு உக்காருவாங்க? அம்மாவா, சம்சாரமா? அத மொதல்ல யோசிச்சுப்போட்டு வீலு வாங்குங்க. நான் யோசிச்சுத்தான் வாங்குனேன். எங்கூட்டு அம்மாவுக்காகத்தான் இத்தனையும். வசந்தாமணி, என்ற சம்சாரம். அவளுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சுங்க.

ஐயோன்னு பாக்காதீங்க, இப்பெல்லாம் சகஜம். மெசின்ல படுக்க வெச்சு ரத்தத்த சுத்தம் பண்ணிக் கூட்டியாரோணும், டயாலிசிஸ்னு. வாரத்துல மூணு தடவ. ஒழுங்காப் பண்ணிட்டு இருந்தா வருசக்கணக்குல ஓட்டலாமாம். உட்டுட்டா நாள் கணக்குத்தான்னு டாக்டரு பட்டுன்னு சொல்லிட்டாரு. மூணு தடவயும் கோயமுத்தூர் வரோணும். போறது வர்றதுலயே நாள் பூராம் போயிரும். பொள்ளாச்சிலயே பண்றாங்கப்பா, பக்கமாச்சேன்னு எம் பொண்ணு, பாப்பா, சொன்னா. பக்கமா இருக்குதுன்னு போறதுக்கு இது ரேசன் கடையா? வண்டி இல்லாதவன் பக்கத்துல பாப்பான். நம்மகிட்டத்தான் வண்டி நிக்குதே. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டருன்னு நான்தான் முடிவு பண்ணுனேன். வசந்தா ஒண்ணும் சொல்லல. அவ எப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. நல்ல பொம்பளைங்க.

ஒரு வருசத்துக்கு மேல அப்படித்தான் போயிட்டு வந்துட்டு இருந்தம். முன்னால நான், பின் சீட்டுல தலகாணி போட்டு அவ. போன ஆடி மாசம் ஒரு நா ஆஸ்பத்திரில இருந்து கூட்டியாந்து ஊட்டு வாசல்ல நிறுத்தறேன், எறங்க மாட்டீங்கறா. கதவத் தொறந்து வெச்சுட்டு அப்படியே உக்காந்திருக்கறா. மெசினுக்கு ஊசி குத்தற கை பாத்திருக்கறீங்களா? நரம்பு பொடச்சுக் கயிறாட்ட ஆயிரும். அந்தக் கையை மடில வெச்சுட்டு, "ஏனுங் மாமா, இனி நான் வரலீங்க"ங்கறா.

"ஏன்?"னு கேட்டேன்.

என்னமோ சொல்ல வாயெடுத்தா. அப்பறம், "வண்டி தூக்கித் தூக்கிப் போடுதுங்க. ஒடம்பு தாங்க மாட்டீங்குது"ன்னா.

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க. இந்த வண்டிய ஒருத்தன் ஒரு கொறை சொன்னதில்ல அதுநா வரைக்கும். கட்டுன பொண்டாட்டி சொல்றா. சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணுங்க, அந்தக் கோவத்துக்குள்ளயே ஒரு நிம்மதியும் வந்துச்சு. கிட்னிய நான் என்ன பண்ண முடியும்? டாக்டரே கைய விரிச்சுட்டாரு. வண்டின்னா நம்ம கையில இருக்கற சமாச்சாரம். "இவ்வளவுதானா அம்மணி? நீ கவலப்படாத. மெத்தையாட்டப் பண்ணித் தாறேன், வருவயல்ல?"ன்னு கேட்டேன். "பண்ணுங்க மாமா. மெதுவாப் பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்ல"ன்னா. அந்த நெலமைலயும் எனக்குச் சிரமம் வேண்டாம்னு பாக்கறா.

மொதல்ல வீலு. இங்கதான் எல்லாரும் மாட்டிக்குவாங்க, நீங்களும் மாட்டிக்கப் பாத்தீங்க. நான் எப்படி யோசிச்சேன்னா, நான் விவசாயிங்க, டிராக்டர்ல முன் சக்கரம் சிறுசு, பின் சக்கரம் பெருசு. வரப்புல ஏறி எறங்கறப்ப முன்னாலதான் குதிக்கும், பெரிய சக்கரம் அலுங்காம வந்துரும். அப்ப சக்கரம் பெருசானா குழியில எறங்காது. கணக்கு சரிதானுங்களே? டவுனுக்குள்ள ஒரு கடை, பேரு வேண்டாம், அங்க போய் இருக்கறதுலயே பெரிய வீலாப் போடுன்னேன். "சூப்பர் சார், வண்டி கும்முனு இருக்கும்"னான். கும்முனுதான் இருந்துச்சு. பழனி ரோட்டுல போனா நாலு பேரு திரும்பிப் பாத்தானுங்க. ஆனா வீலு பெருசானா டயரு பெருசாகறதில்ல தம்பி. மட்கார்டுக்குள்ள எடம் அதேதான. இரும்பு எத்தன எச்சாச்சோ அத்தன ரப்பர் கொறஞ்சுபோச்சு. ரெண்டு வெரக்கடை ஒசரத்துக்கு ரப்பரு, அவ்வளவுதான். காத்து இருக்கற எடத்துலதான மெத்துன்னு இருக்கும், அந்த எடத்தையே காலி பண்ணிப்போட்டான். ரோட்டுல கெடக்கற கல்லு எத்தன பெருசுன்னு முதுகுத்தண்டு சொல்லிரும்.

அதுலயும் வசந்தாவ ஏத்திட்டுப் போனேன். ரயில்வே கேட்டத் தாண்டறப்ப "அம்மா"ன்னா. அந்த ஒரு தடவதான். திரும்பி வர்றப்ப ஒரு சத்தமில்ல, பல்லக் கடிச்சுட்டு வந்திருக்கறா. ஊட்டுல வந்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, "வீலு அழகா இருக்குதுங்க மாமா. கொஞ்சம் தூக்கிப் போடுது"ங்கறா. அப்பவும் வீலு அழகா இருக்குதுன்னு சொல்லிப்போட்டுத்தான் சொன்னா.

சரின்னு வண்டியத் திருப்பிக் கடைல உட்டாச்சு. வண்டி கடைல நின்ன நாளெல்லாம் மெசினுக்குப் போகலீங்க. பாப்பா திருப்பூர்ல இருந்து போன்ல கத்தறா, டாக்ஸி வெச்சாவது கூட்டிட்டுப் போங்கப்பான்னு. ஏன், நான் செத்தா போயிட்டேன், அவள வாடகை வண்டில அனுப்பறதுக்கு? வசந்தாவும் என்ற பக்கந்தான். போன வாங்கி, "வேண்டாங் கண்ணு, உங்கப்பன் வண்டி சரியாகட்டும், அதுலயே போய்க்கறேன்"னு சொல்லிப்போட்டா. மெசினுக்குப் போகாத நாள்ல அவ மூஞ்சியப் பாத்திருக்கோணும் நீங்க. தெளிஞ்சு கெடக்கும். சமையக்கட்டுல வந்து நிப்பா. எனக்குத் தக்காளி ரசம் வெச்சு ஊத்துவா, அவ தொடக்கூடாது, தக்காளி அவளுக்கு ஆகாது. நான் உறிஞ்சறதப் பாத்துட்டு இருப்பா. "சித்த உக்காருங்க மாமா, பேசிட்டு இருக்கலாம்"பா. உக்கார நேரமேது? ஸ்பிரிங்கு ஆளு போன்ல காத்துட்டு இருப்பான்.

ஆமா, அடுத்தது ஸ்பிரிங்கு. காட்டுக்குள்ள, மலை மேலன்னு ஜீப்பு எடுத்துட்டுத் திரியறாங்க பாருங்க ஒரு கூட்டம், அவுங்க போடற ஸ்பிரிங்கு. பாறை மேலயே ஏறும் சார்னான். பாறையே ஏறும்னா எங்கூரு ரோடு எம்மாத்தரம்னு போட்டுட்டேன். வண்டி ரெண்டு இஞ்சு ஒசந்து நின்னுச்சு, ஆனையாட்ட. ஆனா அந்த ஸ்பிரிங்கு ஏழு பேரு, மேல கூடாரம், சாமான் செட்டுன்னு எல்லாம் ஏத்துனாத்தான் அமுங்கும். நாங்க ரெண்டே பேரு. அதுலயும் அவ இருக்கற எடைக்கு அது அசையவே இல்ல. அப்ப எடைய ஏத்தோணும், அவ்வளவுதான? பின்னால தேங்காய் மூட்டை அடுக்குனேன். சிரிக்காதீங்க. அமுங்குச்சு, பரவால்லதான். ஆஸ்பத்திரி வாசல்ல இருக்கற செக்யூரிட்டி, "லோடு வண்டியெல்லாம் அந்தப் பக்கம்"னு கையக் காட்றான். அவனுக்கும் எனக்கும் புடிச்சுது சண்ட. பின் சீட்டுல வசந்தா சிரிக்கறா. எத்தனையோ மாசத்துக்கு அப்பறம் சிரிச்சிருக்கறா, நான் சண்ட மும்முரத்துல பாக்கல. அந்த செக்யூரிட்டிதான் சொன்னான், "அந்தம்மா சிரிக்கறாங்க பாருங்க சார்"னு. நான் திரும்பறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

அதுல இன்னொரு தொந்தரவு என்னன்னா, அந்த ஒசரத்துக்கு அவளால ஏற முடியல. முக்காலி ஒண்ணு வெச்சேன். முக்காலில ஒரு கால வெச்சா, கதவப் புடிச்சா, அடுத்த கால எடுக்க முடியாம அப்படியே நின்னுட்டா. எதுத்த ஊட்டுக்காரங்க, பால்காரரு, எல்லாரும் பாக்கறாங்க. அவளுக்கு வெக்கமாப் போச்சு, தலையக் குனிஞ்சுட்டா. நான் அப்படியே தூக்கி உள்ள வெச்சேன். தூக்கறப்பத்தான் தம்பி... நல்ல ஒடம்புக்காரிங்க அவ. ரெண்டு கொடம் தண்ணிய இடுப்புல ஒண்ணு கையில ஒண்ணுன்னு எடுத்துட்டு வெடுக்கு வெடுக்குன்னு நடப்பா. ஒரு கையிலயே வந்துட்டா. ஓடிப்போய் ஸ்டியரிங்கப் புடிச்சு உக்காந்துட்டேன். ஸ்டியரிங்கப் புடிச்சாத்தான் எனக்கு நெதானம் வரும்.

அப்பறம் ஷாக்கு. கெட்டி ஸ்பிரிங்கக் கழட்டிப்போட்டு, நல்ல மெத்துன்னு இருக்கற ஷாக்கா மாத்துனேன். அது இன்னொரு கூத்து. தூக்கிப் போடல, ஆனா ஆடுச்சு. ஒரு குழில எறங்குனா மூணு குழி தூரத்துக்கு ஆடிட்டே போகுது, தொட்டிலாட்ட. கெணத்துக்கடவு தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்துட்டா. அதையுங் கழட்டுனேன். இந்த எண்ணெ ஷாக்கு, கேஸ் ஷாக்குன்னு ரெண்டு இருக்குதல்ல, உங்குளுக்குப் பாய் சொல்லியிருப்பாரு. ரெண்டும் போட்டேன். ரப்பர் புஷ்ஷெல்லாம் புதுசு. நான் போடாதது ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்.

ஒரு விசயம் சொல்றேன், ஆச்சரியப்படுவீங்க. மெக்கானிக்குக்குத் தெரியாத கொறையெல்லாம் வசந்தாவுக்குத் தெரியும். கார் படிச்சவளா என்ன, பெட்ரோல் எது டீசல் எதுன்னு தெரியாது. ஆனா ஒவ்வொருக்காவும் வண்டிய முடிச்சு வாசல்ல கொண்டாந்து நிறுத்துனா, ஒரு ரவுண்டு உக்காந்து பாப்பா. "பின்னால கீச்சுன்னு ஒரு சத்தம் வருதுங்க"ம்பா. நம்ம காதுக்கு ஒண்ணுங் கேக்காது. கழட்டிப் பாத்தா ஒண்ணும் இருக்காது, சரின்னு அதையும் புதுசா மாத்தியாருவேன். அடுத்த வாட்டி, "புது டயரு நாத்தம் தலைய வலிக்குது"ம்பா. நாத்தம் போகட்டும்னு வெயில்ல ஒரு வாரம் நிறுத்தி வெச்சேன். அதுக்கடுத்து, "எடப் பக்கம் கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்குதுங்களா?"ம்பா. மட்டம் வெச்சுப் பாத்தா சாயவே இல்ல. மெக்கானிக்கு என்னையப் பாத்து, "அக்கா என்னதாண்ணா சொல்றாங்க?"ன்னு கேட்டாரு. அவருக்கு என்ன தெரியும்? அவ ஒடம்பு அத்தன நுணுக்கமாக் கண்டுபுடிக்குது. எனக்கு உள்ளுக்குள்ள பெருமையாத்தான் இருந்துச்சு.

இதுக்கிடைல மெசினுக்கு வாரத்துல ஒருக்காத்தான் போக முடிஞ்சுது, சில வாரம் அதுவும் இல்ல. டாக்டரு என்னைய ரூமுக்குக் கூப்ட்டு, "அவங்க வர விரும்பலையா?"ன்னு கேட்டாரு. "வரோணும்னு உசிரா இருக்கறா சார், வண்டிதான் இன்னும் செட்டாகல"ன்னேன். கண்ணாடியக் கழட்டி மேசைல வெச்சுட்டு என்னையப் பாத்தாரு. அவரு வெச்சிருக்கறது சின்ன காரு. அவருக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது.

கடைசீல பாய்கிட்ட வந்து சேந்தேன். பாய், இனி நான் ஆரு பேச்சையும் கேக்கறதில்ல, கம்பெனில இருந்து வந்தப்ப எந்த வீலு இருந்துச்சோ அதே அளவு, நல்ல ஒசரமான ரப்பரு, ஸ்பிரிங்கு ஒவ்வொண்ணா நானே ஓட்டிப் பாத்துத்தான் போடுவேன்னு சொல்லிப்போட்டேன். எப்படிப் பாக்கறது? அவள ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி சோதிக்க முடியுமா? ஊட்டுல இருந்து அரிசிச் சிப்பம் கொண்டாந்தேன், இருபத்தஞ்சு கிலோ மூட்டை. பின் சீட்டுல அவ உக்கார்ற எடத்துல வெச்சு, பெல்ட்டுப் போட்டு, சிப்பத்துக்கு மேல ஒரு சொம்பு நெறையத் தண்ணி. எங்கூரு ரோட்டுல ஓட்டறது, தண்ணி சிந்துச்சுன்னா திரும்பிக் கொண்டாந்து ஸ்பிரிங்க மாத்தறது. மொதல்ல அவ எடைக்குச் சரியா ஒரு சிப்பத்துக்கு மேல அரைச் சிப்பம் சேத்து அளந்து வெச்சேன். அப்பறம் அவ எடை எறங்க எறங்க அரிசிய அள்ளி வெளிய எடுத்துட்டே வந்தேன். கணக்கு சரியா இருக்கோணுமல்ல. ஒரு நா அளக்கற படியில அரிசிய அள்ளிட்டு இருக்கறப்ப வசந்தா சன்னல் வழியாப் பாத்துட்டா. "ஏனுங் மாமா, அது நானா?"ன்னா. ஆமா அம்மணின்னேன். சேலைத் தலப்ப வாயில வெச்சுட்டு உள்ள போயிட்டா. அந்தத் தண்ணியக்கூட நான் திரும்பி வந்து செடிக்குத்தான் ஊத்துவேன், அவ கண்ணுல படாம. அவளுக்குக் குடிக்கற தண்ணியே அளந்துதானுங்க.

அப்பத்தான் பாய் ஒரு யோசன சொன்னாரு. "அண்ணா, நீங்க ஒருக்காப் பின்னால உக்காந்து பாருங்க, நான் ஓட்டறேன்"னாரு. மொதல்ல முடியாதுன்னேன். அப்பறம் வசந்தாவுக்காகச் சாவியக் குடுத்தேன். இத்தன வருசத்துல மொத தடவயாப் பின் சீட்டுல உக்காந்தேன் தம்பி. அவளாட்டவே தலகாணி வெச்சுச் சாஞ்சுட்டேன். என்ன தெரியுதுங்கறீங்க? ஒண்ணுந் தெரியல. ரோடு தெரியாது, சன்னல்ல தென்ன மரத்தோட மேல் பாதிதான் ஓடுது. நேரா பாத்தா ஓட்டறவன் பொடனி, பின்கழுத்து மட்டுந்தான். பாய் பொடனில ஒரு மச்சம் இருக்குது, அதையே பாத்துட்டு வந்தேன். அப்ப இத்தன நாளும் அவ என்ற பொடனியத்தான் பாத்துட்டு வந்திருக்கறா. அதுக்கென்ன பண்றது? ஓட்டறவன் முன்னால பாத்துத்தான ஓட்டோணும். அத உடுங்க, அதுல எனக்கு ஒண்ணு புடிபட்டுச்சு. எடக் கதவு ரப்பரு தேஞ்சு காத்து வருது. அன்னிக்கே மாத்துனேன்.

அதுக்கப்பறம் வண்டி அமைஞ்சுதுங்க. சொன்னா நம்ப மாட்டீங்க. எங்கூரு ரோட்டுல கோடி வரைக்கும் போயிட்டு வந்தேன், சொம்புத் தண்ணி ஒரு சொட்டு சிந்தல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வண்டிய வாசல்ல நிறுத்தி, வசந்தாவக் கைத்தாங்கலாக் கூட்டியாந்து உக்கார வெச்சேன். தோப்ப ஒரு சுத்து. வாய்க்கா மேட்டுல ஏறி எறங்குனேன். பள்ளிக்கூடத்து வேகத்தடை, அங்கதான் எப்பவும் அவளுக்குத் தூக்கிப் போடும், அதுல ரெண்டு வாட்டி போனேன். கண்ணாடில பாத்தா கண்ண மூடிட்டு இருக்கறா. திரும்பி வந்து நிறுத்திட்டு, "சொல்லு அம்மணி, என்ன கொறை?"ன்னேன்.

சீட்டத் தடவிப் பாத்தா. கதவப் பாத்தா. "ஒரு கொறையும் இல்லீங்க மாமா"ன்னா.

அப்ப நாளைக்குக் காத்தால ஆஸ்பத்திரின்னேன்.

அதுக்கு அவ சொல்றா, அப்படியே சொல்றேன் கேளுங்க. "மாமா, வண்டியச் சொல்றதுக்கு இனி ஒண்ணுமில்ல. நானும் என்னென்னமோ சொல்லிப் பாத்துட்டேன். வண்டி மேல பழியப் போட்டு இத்தன நாளு தள்ளிட்டேன். வண்டி எப்பவும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. எனக்கு அந்த மெசின் போதும். இனி என்னால முடியாது. ஊட்டுலயே இருந்துக்கறேன். எத்தன நாளோ. நீங்களும் எங்கயும் போகாம எங்கூட இருங்க"ங்கறா.

இத நான் எப்படி எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க தம்பி. ஆடில இருந்து இத்தன மாசமா வண்டி வண்டின்னவ, ஒரே நாள்ல மெசினுங்கறா. அப்ப என்ன அர்த்தம்? வண்டில இன்னும் என்னமோ இருக்குது. எத்தனதான் இந்த மனுசன் அலைவான், பாவம்னு மறைக்கறா. அவ கொணம் எனக்குத் தெரியாதா? சாவிய எடுத்துட்டு நேரா இங்க வந்துட்டேன். அன்னில இருந்து தெனமும் இங்கதான். காத்தால வந்தா சாயங்காலம் வரைக்கும். பாய் அலைன்மெண்டு பாத்துட்டாரு, பேலன்ஸ் பாத்துட்டாரு, ஒண்ணுமில்லண்ணா ஒண்ணுமில்லண்ணாங்கறாரு.

ஊட்டுல இருந்து என்ன பண்றது? பாப்பா வந்து இருக்கறா, அவ பாத்துக்கறா. வசந்தாவுக்குக் காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு தலகாணி அடுக்கிச் சாஞ்சு உக்காந்திருக்கறா. மெசினுக்கு ஒருக்காப் போனா எல்லாம் வடிஞ்சுரும். போக மாட்டீங்கறா. அப்ப நான் என்ன பண்ணோணும், பக்கத்துல உக்காந்து அவ மூச்சு விடறத எண்ணிட்டு இருக்கோணுமா? நேத்து உக்காந்தேன். கையப் புடிச்சுக்கங்கன்னா. புடிச்சேன். அந்தக் கயிறாட்டம் இருக்கற நரம்பு கைக்குள்ள விர்ருனு ஓடுது தம்பி, எஞ்சின் ஓடறாப்புல. என்னால உக்கார முடியல. சும்மா உக்காந்திருக்க எனக்குத் தெரியாதுங்க. பயமா இருக்குது. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஒரு நிமிசம், போனு. பாப்பாதான்.

என்ன கண்ணு... ம்... மூச்சு ரொம்ப முட்டுதா? எப்ப இருந்து?... கேக்கறாளா? என்னன்னு கேக்கறா?... நான்தான் வேணும்ங்கறாளா? சரி, சரி, அழுவாத. வண்டி மேல நிக்குது பாப்பா. சக்கரம் மாட்டோணும்... பஸ்ல எப்படி வர்றது, பஸ்ஸு நின்னு நின்னுதான வரும்... மாப்பிள்ளைய வரச் சொல்ல வேண்டாம், எனக்கெதுக்கு இன்னொருத்தர் வண்டி? நான் என்ற வண்டிலயே வந்துருவேன். இதோ ஆயிருச்சு. அம்மாகிட்டச் சொல்லு, அப்பா கெளம்பிட்டாருன்னு சொல்லு. ம்... போன அவ காதுல வெக்க வேண்டாம். வேண்டாங் கண்ணு. நான் நேர்ல வந்து பேசிக்கறேன்.

ஊட்டுல கொஞ்சம் சத்தம் போடறாங்க, வேறொண்ணுமில்ல. நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? உங்க வண்டிலயா? என்னைய எங்கூரு வரைக்கும் கொண்டாந்து உடறீங்களா? நல்ல மனசு தம்பி உங்குளுக்கு. வேண்டாம். என்ற வண்டி ரெடியாயிருச்சு, பாருங்க, பாயே வர்றாரு.

என்ன பாய்? முடிஞ்சுருச்சா? எறக்கிரலாமா?

ஒண்ணுமே இல்லியா? நல்லாப் பாத்தீங்களா? பின்னால, எடப் பக்கம், லேசா ஒரு சத்தம் வருதே. இல்ல பாய், வருது. நீங்க முன்னால உக்காந்து ஓட்டறீங்க, உங்குளுக்குக் கேக்காது. அவளுக்குக் கேக்கும். சாவிய நீட்டாதீங்க, உள்ள வெய்யுங்க. அவசரமில்ல, நான் இருக்கறேன். எறக்காதீங்க பாய். நாலு சக்கரத்தையும் மறுக்காக் கழட்டுங்க.